டிராயிங் போடும் கை

திருவொற்றியூரில் 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை தொடங்கியபோது டிராயிங் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் உதிரி பாகங்களும் கப்பலில்தான் வந்திறங்கின. நம் ஆட்கள் பூட்டிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். எண்ணூரில் 1948இல் பிறந்த அசோக் மோட்டார்ஸின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. வடசென்னைத் தொழில் வரலாற்றின் பெரும்பகுதியை இந்த ஏற்பாட்டுக்குள் அடக்கிவிடலாம். கை இங்கே இருந்தது. டிராயிங் கடல் கடந்து வந்தது.

அந்தக் கையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. என் அப்பா ஃபிட்டர். டிராயிங்கை விரித்து வைத்து, வெர்னியரில் ஒருமுறை அளந்து, அரத்தை எடுத்தால் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சுத்தத்தில் வேலையை முடிப்பார். அவர் தலைமுறையில் அப்படிப்பட்டவர்கள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் டிராயிங்கில் ஒரு கோட்டை மாற்றும் உரிமை அவர்களில் எவருக்கும் இருந்ததில்லை. தவறு தெரிந்தாலும் ஃபோர்மேனிடம் சொல்லலாம், அவ்வளவுதான். அது மேலே போய், கடல் தாண்டிப் போய், என்றாவது திரும்பி வரும்.

இன்று அதே தெருக்களில் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து, எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு டிஜிட்டல் சிப் வடிவமைப்பில் இன்டர்ன்ஷிப் செய்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். சில ஆண்டுகளாக அவர்களில் சிலரின் வேலையை மாலை நேரங்களில் பார்த்துக் கொடுத்தும் வருகிறேன். நான் செய்வது வெரிஃபிகேஷன் வேலை, அதாவது சிப்பைத் தயாரிக்க அனுப்புவதற்கு முன் அதில் பிழை தேடுவது. சர்க்யூட்டை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் இந்தப் பிள்ளைகள் எழுதும் வரிகள் கடைசியில் ஒரு டிராயிங்காகத்தான் முடிகின்றன. அந்த டிராயிங் மொஹாலிக்கோ தைவானுக்கோ போகிறது. சிலிக்கானில் அச்சாவது அங்கே. நான் பிறந்து வளர்ந்த பகுதியில் ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. டிராயிங் போடும் கை இப்போது இங்கே இருக்கிறது.

சென்னைக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 'சக்தி' என்ற பிராசசர் திட்டம் பத்தாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. யாரும் உரிமத் தொகை கட்டாமல் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் என்ற பொது இலக்கணத்தின் மேல் கட்டப்பட்டது அது. 2018இல் அவர்களுடைய ஒரு சிப் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் அச்சானது. அதே ஆண்டு இன்னொன்று நம் நாட்டிலேயே, மொஹாலியிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில், 180 நானோமீட்டரில் வந்தது. 2020இல் 'மௌஷிக்'. 2025இல் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்காக 'ஐரிஸ்'. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, சக்தியின் மூல வடிவமைப்பைப் பொதுவெளியில் திறந்து வைத்தார்கள் என்பது. கொருக்குப்பேட்டையில் இருக்கும் ஒரு மாணவன் இன்று இரவே அதைத் தன் லேப்டாப்பில் இறக்கி வரிவரியாகப் படிக்கலாம். ரெட்டிச்சின் டிராயிங்கை என் அப்பா காலத்தில் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தால் வேலை போயிருக்கும்.

தொலைவிலிருந்து சிப் வடிவமைப்பு கற்க முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். மெஷின் இல்லாமல் என்ன தொழில் என்பது ஆலைப் பகுதியில் நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் மெஷின் முதலிலிருந்தே தொலைவில்தான் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் பத்தாண்டு அனுபவம் உள்ள என்ஜினியரும் தன் மேசையில் இருக்கும் திரை வழியாக எங்கோ ஒரு சர்வருக்குள் நுழைந்துதான் வேலை செய்கிறார். விலையுயர்ந்த மென்பொருள்களின் லைசென்ஸ் அந்த சர்வரில் இருக்கிறது. வடிவமைப்புக் கோப்பு அங்கிருந்து வெளியே வருவதில்லை. மத்திய அரசின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டம் 2022இல் இதே வழியைக் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தது. பெங்களூரு சி-டாக்கில் உள்ள சிப்-இன் மையத்தில் மென்பொருள்கள் இருக்கின்றன. நாடு முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் தங்கள் ஊரிலிருந்தே அதில் வேலை செய்கிறார்கள். ஐந்தாண்டில் 85,000 என்ஜினியர்களை உருவாக்குவது இலக்கு. தங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நம் பிள்ளைகள் முதலில் துறைத் தலைவரிடம் கேட்க வேண்டும். இருந்தும் யாரும் சொல்லாத கல்லூரிகள் உண்டு.

பட்டியலில் இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. ஐகாரஸ் வெரிலாக் சிமுலேஷனுக்கு, ஜிடிகே-வேவ் அலைவடிவம் பார்க்க, யோசிஸ் வெரிலாக்கை லாஜிக் கேட்டுகளாக மாற்ற, ஓப்பன்-ரோடு அந்தக் கேட்டுகளைச் சிப்பின் பரப்பில் இடம் பார்த்து வைத்துக் கம்பி இழுக்க. எல்லாம் இலவசம். முதல் மூன்றும் 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப்பில் ஓடும். 2020 ஜூனில் கூகுளும் ஸ்கைவாட்டர் ஆலையும் சேர்ந்து 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் விதிப்புத்தகத்தையே பொதுவில் வைத்தன. அதுவரை ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் எவரும் பார்க்க முடியாத விஷயம் அது. பாடத்துக்கு என்.பி.டெல் என்ற இணைய வகுப்புத் தளம் இருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் இந்திரனில் சென்குப்தாவின் வெரிலாக் வகுப்பைக் கேட்டு மேலே வந்தவர்கள் இன்று பல நிறுவனங்களில் இருக்கிறார்கள்.

இன்டர்ன்ஷிப்பில் இடம் கிடைப்பது எப்படி என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரெஸ்யூமேயில் பத்துப் புராஜெக்ட் வேண்டாம், முழுசாக முடித்த ஒன்று போதும். பார்க்கிறவர்கள் அந்த ஒன்றைத்தான் தோண்டுவார்கள்: ஏன் இந்த ஸ்டேட் மெஷினுக்கு ஐந்து ஸ்டேட், நான்கில் முடியாதா? செட்அப் டைம் மீறினால் கிளாக்கைக் குறைத்துத் தப்பிக்கலாம், ஹோல்டு டைம் மீறினால் ஏன் தப்பிக்க முடியாது? நீ எழுதாத லாட்ச் உன் சர்க்யூட்டுக்குள் எப்படி வந்தது? இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்லும் பிள்ளையிடம் எந்தக் கல்லூரி என்று யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. ஆலை அப்ரண்டிஸ் காலத்தை நினைத்தால் இது பெரிய விஷயம். 1961இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்த பிறகும் கேட்டுக்குள் நுழைய மாமாவோ சித்தப்பாவோ உள்ளே இருக்க வேண்டியிருந்தது. சொந்தத்தில் யாரும் இல்லாத வீட்டுப் பையன் ஐ.டி.ஐ. சான்றிதழோடு வெளியே நின்றதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த அப்ரண்டிஸ் முறையில் ஒன்று இருந்தது. அதைத்தான் இந்தப் புதிய ஏற்பாடு எளிதில் தொலைத்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு மூத்தவர் நின்றார். பையன் அரம் பிடிக்கும் கோணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தட்டிவிட்டார். வேலையைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "இத்த மறுபடி செய்" என்றார். கற்றுக்கொடுத்தது அந்தக் கண். தொலைதூர இன்டர்ன்ஷிப்பில் அந்தக் கண் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே நான் அதை எடைபோடுகிறேன்.

ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். இன்டர்ன்களுக்கு அடிக்கடி தரப்படுவது 'அசிங்க்ரனஸ் ஃபிஃபோ'. சிப்பின் ஒரு பகுதி ஒரு கிளாக்கில் ஓடும், இன்னொரு பகுதி வேறொரு கிளாக்கில் ஓடும். இரண்டுக்கும் இடையே தரவைக் கொண்டுபோக வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் மைல்கணக்கில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கப்பலின் கிரேன் தன் வேகத்தில் பெட்டியை இறக்குகிறது, லாரிகள் தம் வேகத்தில் எடுத்துப்போகின்றன, நடுவில் யார்டு. யார்டு நிறைந்தால் கிரேன் நிற்க வேண்டும். காலியானால் லாரி காத்திருக்க வேண்டும். நிறைந்ததா, காலியா என்ற இரண்டு கேள்விக்குச் சரியான பதில் சொல்வதுதான் ஃபிஃபோவில் சிரமமான பகுதி. எழுதுபவர் எந்த இடம்வரை வந்திருக்கிறார் என்ற எண்ணை வாசிப்பவரின் கிளாக் எட்டிப் பார்க்க வேண்டும். அந்த எண் சாதாரண பைனரியில் மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது 011 என்பது 100 ஆகிறது, மூன்று பிட்டும் ஒரே நேரத்தில் புரள்கின்றன. அந்தக் கணத்தில் எட்டிப் பார்த்தால் எந்த எண் வேண்டுமானாலும் தெரியலாம். அதனால் கிரே கோடு: 010 என்பது 110 ஆகும், ஒரு பிட் மட்டும் மாறும். எப்போது பார்த்தாலும் பழைய எண் அல்லது புதிய எண், இரண்டில் ஒன்றுதான் தெரியும்.

தண்டையார்பேட்டை மாணவி ஒருத்தி இதை எழுதி முடித்து, சிமுலேஷனில் எல்லா டெஸ்ட்டும் பாஸ் என்று அனுப்பியிருந்தாள். திரையைப் பகிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு கிளாக்கையும் என்ன ரேஷியோல வெச்சிருக்கேம்மா?"

"ரீடு கிளாக் டபுள் ஸ்பீடு சார்."

"அப்ப ஃபிஃபோ ஃபுல்லே ஆகாதே?"

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு கீபோர்டு ஓசை கேட்டது. வாசிக்கும் கிளாக்கை மெதுவாக்கி மறுபடி ஓட்டினாள். எட்டு இடமுள்ள ஃபிஃபோவில் ஒன்பதாவது தரவு முதலாவதன் மேல் போய் உட்கார்ந்தது. 'ஃபுல்' என்ற சிக்னல் எழவே இல்லை. ஃபிஃபோ நிறைந்ததா என்று அறிய எழுதும் எண்ணையும் வாசிக்கும் எண்ணையும் ஒப்பிட வேண்டும். பைனரி எண்ணுக்குப் பொருந்தும் விதியை, அதாவது இரண்டுக்கும் மேல் பிட் மட்டும் மாறியிருக்க வேண்டும் என்பதை, கிரே கோடுக்கும் அப்படியே வைத்திருந்தாள். கிரே கோடில் மேல் இரண்டு பிட்டும் மாறியிருக்க வேண்டும். "சார், ஒரு நிமிஷம், நானே கண்டுபிடிச்சிடறேன்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குமேல் ஆனது, ஆனால் அவளே கண்டுபிடித்தாள்.

இதாவது டெஸ்ட்டை மாற்றினால் வெளிப்படும் பிழை. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒரு கிளாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சிக்னலை வழியில் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களில் நிறுத்தி அமைதிப்படுத்தி அனுப்ப வேண்டும். இந்த ஜோடிக்கு சிங்க்ரனைசர் என்று பெயர். அவை விடுபட்டால் சாதாரண சிமுலேஷன் அதைக் காட்டவே காட்டாது. சிமுலேட்டருக்கு 0 உண்டு, 1 உண்டு. மாறும் தறுவாயில் பிடிபட்ட ஃபிளிப்-ஃபிளாப் இரண்டுக்கும் நடுவே தள்ளாடும் அந்தக் கணம் அதன் உலகத்தில் இல்லை. உண்மையான சிலிக்கானில் அது உண்டு. ஆயிரம் டெஸ்ட் பாஸாகிவிட்டு, சிப் கைக்கு வந்தபின் என்றாவது ஒருநாள் காரணம் தெரியாமல் உறைந்து நிற்கும். இப்படிப்பட்ட பிழைகளைத் தேடத் தனி மென்பொருள்கள் நிறுவனங்களில் உள்ளன. இலவசக் கருவிகளோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு, கோடைப் படித்து "இங்கே சிங்க்ரனைசர் எங்கேம்மா?" என்று கேட்கும் ஒரு ஆள்தான் வேண்டும்.

அச்சான சிப்பை அழித்து எழுத முடியாது. 1994இல் இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்குக்கான ஓர் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தன. தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் தன் சொந்த ஆராய்ச்சியின்போது விடை பிசகுவதைக் கவனித்து வெளியே சொன்னார். சிப்புகளை மாற்றித் தர இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அட்டவணையில் விடுபட்ட சில இடங்கள்! உலகின் தலைசிறந்த என்ஜினியர்கள் கூடியிருந்த இடத்திலேயே ஒரு கண் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் பிள்ளைகளிடமே பணம் வாங்கும் வியாபாரம் பெருகியிருக்கிறது. நான்கு வாரம், எல்லோருக்கும் அதே டிராஃபிக் லைட் கன்ட்ரோலர், யாரும் படித்துப் பார்க்காத ரிப்போர்ட், கடைசியில் ஒரு சான்றிதழ். காசிமேட்டில் மீன் விற்று, எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணம் இதற்குப் போகிறது. கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துவது வேறு. அதைப் பயிற்சி வகுப்பு என்றே சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபமில்லை. இன்டர்ன்ஷிப் என்றால் நிறுவனம் உனக்கு ஸ்டைபெண்ட் கொடுக்க வேண்டும். அது முடியாத சிறு இடமாக இருந்தால், வாரம் தவறாமல் உன் வேலையைப் படித்துக் குறை சொல்லும் ஒரு என்ஜினியரையாவது கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்துக்குப் போகாதே என்றுதான் என்னிடம் வரும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கிடைத்த இன்டர்ன்ஷிப்பை முடிப்பது அடுத்த பாடு. சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் திருவொற்றியூரிலிருந்து போய்வரும் அலைச்சல் மிச்சம் என்பது உண்மை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர்வரை வந்த பிறகும், பழைய மகாபலிபுரம் சாலை வடசென்னைக்கு வேறொரு ஊர் போலத்தான் இருக்கிறது. இருட்டியபின் பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கும் வீடுகளில் இந்தத் தொலைதூர முறை எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் வீட்டில் இருந்தபடி வேலை என்பது வீட்டில் இடம் இருப்பவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு. வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில் டி.வி. ஓடும், தம்பி படிப்பான், பாட்டி படுத்திருப்பாள். ரிவ்யூ மீட்டிங்கில் மைக்கைத் திறந்தால் தெருவே உள்ளே வரும். கேமராவைப் போடச் சொன்னதும் கூசிப்போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். இணைப்பு மோசம் என்று பொய் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அந்தப் பொய்யை மேலே இருப்பவர்கள் ஈடுபாடு இல்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். என் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் கேமராவை நான் கேட்பதே இல்லை. கோடு தெரிந்தால் போதும்.

2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். படிக்கவும் லேப்டாப்பை வைத்து வேலை செய்யவும் மேசை, இணையம், மின்சாரம், குறைந்த கட்டணம். அரசு கட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் அது ஒன்று. ராயபுரத்திலும் எண்ணூரிலும் வார்டுக்கு ஒன்று வந்தாலும் அதிகமில்லை. கூடவே கதவை மூடிக்கொண்டு பேச நான்கு சிறு அறைகள் வேண்டும். மீட்டிங்கில் வாய்விட்டுப் பேசப் பழகாத என்ஜினியருக்கு இந்தத் தொழிலில் பாதி வழி அடைப்புதான்.

இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2023 டிசம்பர் இந்தப் பகுதிக்கு எப்படிப்பட்ட மாதம் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் வாளியால் மொண்டு எடுத்தார்கள். அந்த மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். வேலை என்றால் புகையும் சாம்பலும் சேர்ந்தே வரும் என்று மூன்று தலைமுறையாக ஏற்றுக்கொண்ட மண் இது. சிப் வடிவமைப்புக்குப் புகைக்கூண்டு தேவையில்லை. அதற்காக அந்தத் தொழிலே மாசற்றது என்று நான் சொல்லமாட்டேன். அச்சிடும் ஆலைகள் தண்ணீரைக் குடிக்கின்றன, 2021 வறட்சியில் தைவானின் சிப் ஆலைகளுக்கு லாரியில் தண்ணீர் போனது. சுமை வேறெங்கோ இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனாலும் எண்ணூரில் பிறந்த பிள்ளை தன் நுரையீரலை அடகு வைக்காமல் ஒரு நல்ல தொழிலைக் கற்க முடியும் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கருவிகள் இலவசமாக இருக்கின்றன. பாடம் இருக்கிறது. படித்துப் பார்க்க முழு பிராசசரே திறந்து கிடக்கிறது. பற்றாக்குறை மூத்தவர்களின் கண்ணுக்குத்தான். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பிறந்து, இன்று சென்னையிலோ பெங்களூரிலோ கலிபோர்னியாவிலோ சிப் நிறுவனங்களில் இருக்கும் என்ஜினியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவனத்தின் கோடை யாருக்கும் காட்ட வேண்டாம், பணமும் தர வேண்டாம். நீங்கள் படித்த பள்ளிக்கோ கல்லூரிக்கோ ஒரு போன் போட்டு, எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளை எழுதிய வெரிலாக்கை வரிவரியாகப் படியுங்கள். தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லுங்கள். விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள்.